கொத்தை அளக்காமல் போன வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரர் நட்சத்திரங்களின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளக்கிற வேலையில் இருந்தார். நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். இந்த ஒரு வரியைப் பிசகாமல் சொல்லப் பழகவே எனக்கு ஆறு மாதம் ஆனது. தொண்ணூறுகளின் நடுவில், டெக்சாஸில் நாங்கள் இருந்த பல்கலைக்கழக ஊரில் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். மாதம் ஒருமுறை பாட்லக், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது. முதல் பாட்லக்கிலேயே ஓர் அங்கிள் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க ஹஸ்பெண்ட் ஸ்டார் பாக்கறாராமே? என் பொண்ணுக்குப் பூரட்டாதி. கல்யாணம் எப்ப கூடி வரும்னு கேட்டுச் சொல்லும்மா."

"அது வேற ஸ்டாருங்க அங்கிள். இவரு ரொம்பத் தூரத்துல இருக்கறதை..."

"எல்லா ஸ்டாரும் தூரத்துலதாம்மா இருக்கு. கிட்டத்துல இருந்தா நான் இவளைக் கட்டியிருப்பனா?"

எல்லாரும் சிரித்தார்கள், அவர் மனைவி உள்பட. நானும் சிரித்தேன். அப்போது எங்களால் சிரிக்க முடிந்தது.

அவர் அளந்தது ஒரு நட்சத்திரக் கொத்தை. பல்லாயிரம் நட்சத்திரங்கள் ஒரே இடத்தில் தேன்கூட்டில் ஈ மொய்த்த மாதிரி இருக்கும். அதை நீலக் கண்ணாடி வழியாக ஒரு படம், மஞ்சள் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுப்பார்கள். இரண்டிலும் ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் அளந்து கழித்துப் பார்த்தால் அதன் நிறம் எவ்வளவு என்று கிடைக்கும். எல்லாவற்றையும் காகிதத்தில் புள்ளியாக வைத்தால் ஒரு வளைந்த கிளை மாதிரி வரும். கிளை எந்த இடத்தில் திரும்புகிறதோ அதை வைத்துக் கொத்தின் வயதைச் சொல்லிவிடலாமாம். கடவுள் எப்போது படைத்தார் என்று கண்டுபிடிக்கிற வேலை என்று நான் என் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் அவர் வாரக்கணக்கில் டெலஸ்கோப் இருக்கிற மலைக்குப் போவதைப் பொறுக்க முடிந்தது.

எனக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. கூட்டத்தில் ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றின் மேல் வழியும். அதைப் பிரிக்க, முதலில் யார் தொந்தரவும் இல்லாமல் தனியாக நிற்கிற நட்சத்திரங்கள் கொஞ்சம் வேண்டும். கல்யாண குரூப் போட்டோவில் முகம் முழுசாகத் தெரிகிற ஆளைத் தேடுவது மாதிரிதான். கம்ப்யூட்டரே தேடும், ஆனால் ஒட்டி நிற்கிற இரண்டை ஒன்று என்று ஏமாந்துவிடும். அவர் பெரிய தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரிப்பார். மகளை டேகேருக்கு அனுப்ப எங்களுக்கு வசதியில்லை. அவள் மேஜைக்குக் கீழே விளையாட, நான் அப்படித் தனியாக நிற்பவற்றைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவேன். வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வந்தவள் நான். அந்த நாட்டில் நான் பார்த்த ஒரே வேலை அதுதான்.

"நீ எடுத்ததுல ஒண்ணுகூடத் தப்பில்ல" என்பார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது இல்லை.

அந்த வருஷம் தை மாதத்தில் மாமனார் ஊரில் இறந்துபோனார். விசாக் காகிதங்கள் பாதியில் நின்ற நேரம். நாட்டை விட்டுப் போனால் திரும்ப வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். மூத்த மகன் இவர் இருக்க, கொழுந்தனார்தான் கொள்ளி வைத்தார். இவர் போனைக் கையில் பிடித்தபடி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

புரட்டாசி பிறந்ததும் என் மாமியார் போன் பண்ணினார்.

"மாளய அமாவாசைக்காச்சும் அவனை எள்ளுந்தண்ணியும் எறைக்கச் சொல்லு கண்ணு. உங்க மாமா என் கனவுல வந்து தாகமா இருக்குதுங்கறாரு."

"கட்டாயம் பண்றனுங்க அத்தை. அது என் பொறுப்பு."

சொன்னது நான். என் பொறுப்பு என்று.

எங்கள் வீட்டுச் சுவரில் ஊரிலிருந்து அப்பா அனுப்பிய தினசரி காலண்டர் தொங்கியது. அதில் வெள்ளிக்கிழமைத் தாளில் கறுப்பு வட்டம் போட்டு அமாவாசை என்று இருந்தது. இவருக்கு மலையில் டெலஸ்கோப் கிடைத்தது அதே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவுகள். நிலா இல்லாத இரவுகள்தான் அவர்களுக்கு வேண்டும், அதனால் அமாவாசையை ஒட்டித்தான் கொடுப்பார்கள். மலை எட்டு மணி நேர டிரைவ். வெள்ளிக்கிழமை விடியக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். அந்தக் கொத்து அந்த மாதத்தில் இருட்டும்போதே மேற்கில் இருக்கும், சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும்.

வியாழக்கிழமை காலையில் அவர் காபி டம்ளரோடு அடுப்படிக்கு வந்தார்.

"இங்க பாரு. நாளைக்குக் காலைல ஒம்போதரைக்கே இந்த ஊருக்கு அமாவாசை முடிஞ்சிருது. நம்ம ஊருக்கும் இதுக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். இன்னைக்கு மத்தியானந்தான் இங்க அமாவாசை. இன்னைக்கே குடுத்துட்டு நாளைக்கு வெடியக் கெளம்பறேன்."

"காலண்டர்ல வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்குதுங்க."

"அது ஈரோட்டுக்குப் போட்டது."

"மாமா ஈரோட்டுலதான செத்தாங்க?"

"நெலா எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் டைமைக் கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"பஞ்சாங்கத்தைவிட உங்க கணக்குப் பெருசா? உங்களுக்கு மலைக்குப் போகோணும், அதுக்கு ஒரு கணக்கு. கொள்ளி வெக்கத்தான் போகலை. தண்ணி எறைக்கறதுக்கும் நேரமில்லைன்னா சொல்லீருங்க, நான் அத்தைகிட்ட அப்படியே சொல்லீர்றேன்."

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், இல்லை என்று இப்போது எழுதினால் சாமி கண்ணைக் குத்தும்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் மாமனார் படத்துக்கு முன் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் எல்லாம் படைத்தேன். காக்கைக்கு வைக்க அபார்ட்மெண்ட் பார்க்கிங் ஓரம் சுவரில் இலையை வைத்துவிட்டு நின்றோம். காக்கை வரவில்லை. அந்த ஊரில் காக்கை மாதிரியே கறுப்பாக, நீள வாலும் மஞ்சள் கண்ணுமாக வேறொரு பறவை கூட்டம் கூட்டமாகத் திரியும். அவை பத்துப் பதினைந்து வந்து சுற்றின.

"கறுப்பாத்தான இருக்குது, திங்கட்டும் விடு" என்றார். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது.

"அம்மா, தட்ஸ் நாட் எ க்ரோ" என்றாள் மகள்.

"பாருங்க, கொழந்தைக்கே தெரியுது" என்று நான் அந்தப் பறவைகளைத் துடைப்பக் குச்சியால் விரட்டினேன். காக்கை எடுக்காமல் நீங்கள் சாப்பிடக் கூடாது, சாப்பிடாமல் எட்டு மணி நேரம் ஓட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். ஒன்றாகி, இரண்டாகி, மூன்றும் ஆனது. கடைசியில் எனக்கே கை வலித்தது. அந்த மஞ்சள் கண் பறவைகள்தான் சோற்றைத் தின்றன. அவர் நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குக் கிளம்பினார். கார் திரும்பும்போது மகளுக்குக் கைகாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது கொத்து மலைக்குப் பின்னால் போயிருந்தது. அந்த இரவு முழுவதும் வானம் கழுவி விட்ட மாதிரி இருந்ததாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெல்லிய மேகம்.

இதில் என்ன போயிற்று என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஏற்கெனவே துல்லியமாக அளந்து வைத்த நட்சத்திரங்கள் சில உண்டு. கடைத் தராசுக்கு எடைக்கல் மாதிரி. கொத்தை அளக்கிற அதே இரவில், அதே தெளிந்த வானத்தில் அவற்றையும் அளக்க வேண்டும். அப்போதுதான் நம் அளவு சரியா என்று தெரியும். இவரிடம் தெளிந்த இரவில் எடைக்கல் இருந்தது, கொத்து இல்லை. மேகத்து இரவில் கொத்து இருந்தது, எடைக்கல்லை நம்ப முடியவில்லை. நான் வட்டம் போட்ட நட்சத்திரங்கள் எல்லாம் இருந்தன. கிளையும் வளைவும் அழகாக வந்தன. ஆனால் அந்தக் கிளையை எந்த இடத்தில் வைப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் நகர்த்தினால் கொத்தின் வயதே மாறிப்போகும்.

முதல் இரவு ஏன் போகவில்லை என்று அவருடைய புரொபசர் கேட்டிருக்கிறார். கார் ரிப்பேர் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தண்ணீர் இறைத்தேன் என்று அந்த மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லையாம். பொய் சொல்லி நான் பார்த்திராத மனுஷன்.

திரும்ப டெலஸ்கோப் கேட்டதற்கு அடுத்த வருஷம்தான் என்றார்கள். இவருடைய வேலை ஒப்பந்தமோ வசந்தத்தில் முடிகிறது. அதற்குள் கட்டுரை வெளிவந்தால்தான் நீட்டிப்பார்கள். வேறு வழியில்லாமல் யாரோ முன்பு அளந்த பழைய அளவு ஒன்றை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டிக் கட்டுரையை அனுப்பினார். பழைய அளவு பிசகு. கொத்து இருக்க வேண்டியதைவிடச் சிவப்பாக வந்தது, வயது கூடிப்போனது. சரிபார்த்தவர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். சில வாரங்களில் வேறு ஊர்க்காரர்கள் அதே கொத்தைச் சரியாக அளந்து வெளியிட்டுவிட்டார்கள். புரொபசர் மரியாதையாகத்தான் பேசினாராம். மரியாதையாகவே அனுப்பிவிட்டார்.

விசா இருக்க வேண்டுமானால் வேலை வேண்டும். அப்போது இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். புரோகிராம் எழுதத் தெரிந்த யாரையும் கன்சல்டிங் கம்பெனிகள் எடுத்தன. அப்படி ஒன்றில் இவருக்கும் வேலை கிடைத்து, நாங்கள் டெக்சாஸிலேயே இர்விங் என்கிற ஊருக்கு வந்தோம். மலையிலிருந்து கொண்டுவந்த தாள்களை அவரே அட்டைப் பெட்டியோடு தூக்கிப்போய் அபார்ட்மெண்ட் குப்பைத் தொட்டியில் போட்டார். "வெச்சிருக்கலாமுங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி.

அடுத்த வருஷம் கோயிலில் ஓர் ஆண்ட்டி எனக்கு டெக்சாஸ் நேரத்துக்கென்றே போட்ட காலண்டர் ஒன்றைக் கொடுத்தார். "ஊர்க் காலண்டரை வெச்சுப் பண்ணாதம்மா. அங்க வெள்ளின்னா இங்க பல சமயம் வியாழனே வந்துரும். நான் ரெண்டு வருஷம் தப்பா விரதம் இருந்திருக்கேன்" என்று அவர் சிரித்தார். நான் அப்படியே பிரகாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமனாருக்கு நான் இறைக்க வைத்த தண்ணீர் அமாவாசையிலேயே இல்லை. அவருக்கும் போய்ச் சேரவில்லை, இவருக்கும் வேலை போயிற்று.

திரும்பும்போது ஃப்ரீவேயில் சொன்னேன்.

"நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரிங்க. வியாழக்கிழமைதான் அமாவாசை."

"ம்."

"அவ்ளோ நிச்சயமாத் தெரிஞ்சும் ஏங்க விட்டுட்டீங்க? ஒரு சத்தம் போட்டிருக்கலாமுல்ல? ரெண்டு அறைகூட அறைஞ்சிருக்கலாமுல்ல?"

லேன் மாற்றினார்.

"நீ கொள்ளின்னு சொன்னப்புறம் எனக்குக் கணக்குப் பேசத் தோணலை."

"தப்புத்தானுங்க. நான் பண்ணுனது பெரிய தப்பு."

"விடு."

அவ்வளவுதான். சாமியிடம் மன்னிப்புக் கேட்டு அழுதிருக்கிறேன், மாமனார் படத்துக்கு முன்னாலும் அழுதிருக்கிறேன். இவரிடம் கேட்டால் விடு என்கிறார். திட்டினால் தாங்குவேன். அந்த ஒரு சொல்லை எத்தனை வருஷம் தாங்குவது என்று தெரியவில்லை.

அந்தப் புரட்டாசியில் மாளய அமாவாசை புதன்கிழமை வந்தது. இந்த முறை இர்விங் நேரம் பார்த்து, மத்தியானம் இத்தனை மணிக்குள் என்று எழுதி வைத்து, இரண்டு வாரம் முன்பே சொன்னேன்.

"புதன்கிழமை புரோகிராம் ரிலீஸ் இருக்கு. கிளையண்ட் எடத்துல லீவு கேக்க முடியாது" என்றார்.

அரை நாள் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. சொல்கிற தகுதியை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன். அவர் காலை ஏழரைக்கு டை கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் சமைத்தேன், படையல் போட்டேன். மாமனாருக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய மகன் ஆபீசில் இருந்தார். நான் எழுதி வைத்த மணியும் தாண்டிப் போயிற்று. எள் டப்பாவை மூடி எடுத்து உள்ளே வைத்தேன்.