எந்தக் குழாயடியில் உட்காருவது

ககீயா மினெகோ எங்கள் கம்பெனியில் விளையாட்டு யோசிக்கிறவர். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவர் யோசித்ததைக் கம்ப்யூட்டரில் ஓட வைப்பது என் வேலை. என் பெயர் உசுய். ஒசாகாவில் ஒரு பொத்தான் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ்.

யோசித்ததைவிட அவர் விசாரித்ததுதான் அதிகம். சிப்பி வளர்க்கிறவர்களோடு ஹிரோஷிமாவில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் பின்னால் அலைந்தார். சுமோ வீரர்களுக்குக் கொண்டை போடுகிறவரைப் பிடித்து, கையில் ஒட்டும் கொண்டை எண்ணெய் வாடை எப்போது போகும் என்று கேட்டார். எல்லாவற்றையும் மறுநாள் காலை என் மேஜையருகே நின்று ஒப்பிப்பார். "இதுல விளையாட்டு எங்கே?" என்று கேட்டால் "வரும்" என்பார். வராது.

இந்த வசந்தத்தில் முதலாளி நெகிஷி கறாராகச் சொல்லிவிட்டார். மே மாத விடுமுறைக்குள் சொந்தமாக ஒரு விளையாட்டு வராவிட்டால், எல்லோரும் பச்சிங்கோ சூதாட்டத் திரைகளுக்கு மீன் வரையப் போக வேண்டியதுதான். ககீயா அம்மாள், எங்கள் ஊர் மரியாதையில் ககீயா சான், தலையாட்டினார். அந்த வாரமே அவர் வீட்டு வாட்டர் ஹீட்டர் கெட்டது. வரிசையாக இருக்கும் குழாய்கள் முன்னால் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கும், நான் வழக்கமாகப் போகும் பொதுக்குளியலுக்கு அவரும் வர ஆரம்பித்தார்.

"உசுய், நேத்து ஒரு குழாய் முன்னாடி உட்கார்ந்தேன். மொத்தப் பெண்களும் பேச்சை நிறுத்திட்டாங்க."

"யாராவது திட்டினாங்களா?"

"திட்டவே இல்ல. அதான் பயங்கரம்."

இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய ஆட்களுக்கு ஆளுக்கொரு குழாய் உண்டு. எங்கும் எழுதியிருக்காது, யாரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். தப்பான இடத்தில் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். நாமாக இருந்தால் கூசிப்போய் வேறு பொதுக்குளியல் பார்ப்போம். ககீயா சான் தினமும் போனார்.

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. நான் தலையெல்லாம் நுரையோடு இருந்த ஒரு மாலையில், சுவருக்கு மேலாக அவர் குரல் வந்தது.

"உசுய்! சிப்பிக் குஞ்சு தடவித் தடவித்தான் இடம் தேடும், ஒட்டிட்டா நகராதுன்னு சொன்னேனே? இவங்களும் அப்படித்தான்! புதுசா வர்றவன் இடம் தேடணும். எதிரி கிடையாது, சண்டை கிடையாது. தப்பா உட்கார்ந்தா பேச்சு நிக்கும். அதான் ஆட்டம்!"

என் பக்கத்தில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "உன் பொண்டாட்டியா?"

"இல்லீங்க, மேலதிகாரி."

"ரெண்டும் ஒண்ணுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மாள் சத்தம் போட்டார். "ஏம்மா, எங்களை வெச்சா ஆட்டம்? அப்போ என்னை ஒல்லியா வரைஞ்சிடு!"

மறுநாள் ககீயா சான் இதை நெகிஷியிடம் சொன்னார். "உட்கார இடம் தேடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? அடிக்க ஒருத்தனாவது வேண்டாமா?" என்றார் அவர். ககீயா சான் தலையைக் குனிந்துகொண்டு தன் மேஜைக்குத் திரும்பினார். எனக்குக் கோபம் வந்தது. சிப்பிக் கதையெல்லாம் கேட்டுக் காது புளித்தவன் நான். அவரைக் குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான்.

"முதலாளி, இன்னைக்கு சாயங்காலம் குளிக்க வாங்க" என்றேன்.

வந்தார். முதல் குழாயடியில் உட்கார்ந்தார். பேச்சு நின்றது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. என்னைப் பார்த்தார், நான் காதுக்குப் பின்னால் அக்கறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து இடம் மாறினார். மறுபடியும் நின்றது. இன்னொரு இடத்தில் ஸ்டூலை வைத்தபோது, தினமும் அங்கே குளிக்கும் பாய்க்கடைக்காரர் லேசாகச் செருமினார். முதலாளி வாளியோடு நடுவில் அம்மணமாக நின்று, பெண்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"ககீயா! நான் எங்கேதான் உட்கார்றது?"

"சொல்லிட்டா ஆட்டம் முடிஞ்சிரும், முதலாளி!"

இரண்டு பக்கமும் சிரித்தது. நெகிஷி சிரிக்கவில்லை. "யாரும் சொல்லக்கூடாது" என்று எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, மூலைக் குழாயைப் பார்த்து நடந்தார்.

நான் வெளியே வந்தபோது ககீயா சான், குளித்தவர்கள் கல்லாவில் வாங்கிக் குடிக்கும் பாட்டில் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் குளிக்கிறாரா?" என்று கேட்டார்.

"இன்னும் குளிக்கவே ஆரம்பிக்கல. ஆடிட்டிருக்கார். இனி மீன் வரைய வேண்டாம்."

ககீயா சான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கல்லாவில் இருந்த பெண்மணியின் முன்னாலேயே ஓவென்று அழுதார். நான் எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன்.