வேகம் கூடும் இடம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆட்டோ என்னைத் தொடர்ந்து வருகிறது என்பதை நான் கண்டுபிடித்ததே என் ஓட்டப் பயிற்சியால்தான். எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுகிறவளாக இருந்திருந்தால் இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் வீடு குண்டசாலையில். விடிந்தும் விடியாமலும் கிளம்பி, திகன வரை போய்த் திரும்புவது என் நீண்ட ஓட்டம். கந்தோரில் என்னோடு வேலை செய்யும் சிங்கள அக்கா ஒருவர், பள்ளிக்கூடக் காலத்திலேயே மரதன் ஓடியவர், கண்டியில் நடக்கவிருந்த அரை மரதனுக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டார். ஓடும் முறையையும் அவரே சொன்னார். போகும்போது, பக்கத்தில் ஆளிருந்தால் ஊர்வம்பு பேசலாம் என்கிற அளவுக்கு மெதுவாகப் போக வேண்டுமாம். திரும்பி வரும்போது, கால் களைத்த பிறகு, நடுவே நடுவே வேகமாக ஓட வேண்டுமாம். கொஞ்ச தூரம் வேகம், பிறகு மூச்சு வாங்க மெதுவோட்டம், மறுபடி வேகம். களைத்த காலை வேகத்துக்குப் பழக்கினால்தான் போட்டியின் கடைசியில் தாக்குப்பிடிக்கலாம் என்றார். இவர் என்னைக் கொன்றுபோடத்தான் திட்டம் போடுகிறாரோ என்று முதலில் நினைத்தேன்.

பல்லேகல கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் பாதை ஏற்றமில்லாமல் கிடக்கும். என் வேகமெல்லாம் அங்கேதான்.

ஒரு ஞாயிறு வழக்கம்போல் அங்கேதான் வேகம் கூட்டினேன். பின்னால் வந்த ஆட்டோவின் சத்தமும் கூடியது. சரி, முந்திப் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி மெதுவாக்கினேன். அதுவும் மெதுவாகியது. சவாரிக்கு ஆள் தேடுகிற ஆட்டோ என்றால் ஹோர்ன் அடித்துக் கேட்டுவிட்டுப் போய்விடும். இது கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் எதிர்வெயில் கண்ணைக் கூச வைத்தது, ஆள் முகம் தெரியவில்லை. மறுபடி வேகமெடுத்தேன். அதுவும் எடுத்தது.

வீட்டில் சொல்லலாம்தான். சொன்னால் கதை முடிந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பிப்பார், பன்விலயிலிருந்து அம்மா போன் எடுத்து அழுவார், என் ஓட்டம் அன்றோடு சரி. கிழமை முழுக்க வீட்டுக்கும் கந்தோருக்கும் உழைக்கிறவளுக்கு அந்த ஒரு காலைதான் சொந்தம். அதை எவனோ ஒரு ஆட்டோக்காரனுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு பார்க்கிறவன் எல்லாம் அவனாகவே தெரிந்தான். பேக்கரிப் பாண் விற்க வருகிற ஆட்டோக்காரனின் முகத்தைப் பார்க்கவென்றே வேண்டாத பணிஸ் வாங்கினேன். பாவம், அந்த மனிதர் என் முறைப்பைப் பார்த்துப் பயந்துபோய் மிச்சக்காசைக் கூடுதலாகத் தந்தார்.

அடுத்த ஞாயிறும் அது வந்தது. இந்த முறை நான் தயாராக இருந்தேன். மைதானம் வந்ததும் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஓடி, வளைவில் திரும்பி, பஸ் தரிப்பிடச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆட்டோ பறந்து வந்தது, என்னைக் காணாமல் தடுமாறி நின்றது. கட்டிய சாரமும் குளிர்த்தொப்பியுமாகத் தலையை வெளியே நீட்டிப் பாதையை இரண்டு பக்கமும் தேடியது என் வீட்டுக்காரர். நான் வெளிக்கிடும்போது போர்வைக்குள் குறட்டை விட்ட அதே மனிதர்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழிவார் என்று பார்த்தேன். அவரோ என்னைத்தான் பிடித்த மாதிரி முறைத்தார்.

"இவ்வளவு தூரம் ஆமையாட்டம் வர்ற. இந்த கிரவுண்ட் கிட்ட வந்தா மட்டும் ஏன் பறக்கிற? யாரு நிக்கிறா இங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் அவர் கேட்டது உறைத்தது, உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ தெரிந்தவர், உங்கள் மனைவி மைதானத்துப் பக்கம் தலைதெறிக்க ஓடுகிறாளே என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். உடனே கூட்டாளியின் ஆட்டோவை இரவல் வாங்கிக்கொண்டு துப்புத் துலக்கக் கிளம்பிவிட்டார் இவர். நீண்ட ஓட்டத்துக்குள் ஏன் வேகம் வேண்டும் என்று நடுவீதியில் நின்று விளக்கினேன். முழுக்கக் கேட்டார். நம்பிவிட்டதாகச் சொன்னார். ஆனால் இனிமேல் துணைக்கு வருவாராம். வேண்டாமென்றால் அதற்கும் ஒரு காரணம் கேட்பார் என்பதால் சரி என்றேன்.

மரதன் அன்று அக்கா சொன்னது பலித்தது. எல்லாரும் தளர்ந்துபோன கடைசித் தூரத்தில் என் கால் சொன்னபடி கேட்டது. நரைத்த தலையோடு ஒரு மனிதர் என் பக்கத்தில் சரிக்குச் சரியாக ஓடிவந்தார், நான் அவரை விடவில்லை, அவரும் என்னை விடவில்லை. சேர்ந்தே முடிவுக் கோட்டைத் தாண்டினோம். வாழ்க்கையில் அப்படியொரு சந்தோசத்தை நான் அறிந்ததில்லை. என் வீட்டுக்காரர் கைதட்டினார், போனில் படமும் பிடித்தார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அந்தப் படத்தை ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பக்கத்துல வந்தாரே, யாரு அவரு?"

"தெரியாது."

"தெரியாத ஆளோட ஓடுறப்பவா இப்படிச் சிரிக்கிற?"

கழுத்தில் கிடந்த பதக்கம் கனத்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வர வேண்டாம் என்றேன். அப்படியென்றால் நீயும் போக வேண்டாம் என்றார்.

ஞாயிறு வந்தது. நான் சப்பாத்து நாடாவைக் கட்டும்போது அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டி முடிந்த கிழமை என்பதால் மெதுவாக மட்டும்தான் ஓட வேண்டும், வேகம் கூடவே கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் வாசலைத் தாண்டியதுமே முழு வேகத்தில் ஓடினேன்.