பலகையில் விட்ட இடம்

வாயில் மூன்று ஸ்க்ரூக்களைக் கவ்விக்கொண்டு என் மேசை மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தாள், கீழ்வீட்டு வக்கீலின் மகள். தரையில் வைத்தால் உருண்டு தொலைந்துவிடுமாம். அதனால் ஸ்க்ரூவுக்கு அவள் வாய்தான் டப்பா. அந்த நேரத்தில் மட்டும் நம் காதுக்கு ஓய்வு. மற்ற நேரத்தில் அவளோடு பேசி ஜெயித்தவர் இந்தத் தெருவில் கிடையாது.

பள்ளிக்கூட நாளிலேயே 'குட்டி வக்கீல்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஒருநாள் தாமதமாகப் போனவள், பள்ளிக் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று தலைமையாசிரியரிடமே வாதாடியிருக்கிறாள். அதோடு நின்றாளா? நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு வந்தாள். முதல் பாதியைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டாம் பாதி ஒருவருக்கும் நினைவில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். வாசல் பலகையின் மேல்பாதியில் தன் பெயரை எழுதவைத்து, கீழ்ப்பாதியைக் காலியாக விட்டார். வருகிற கட்சிக்காரர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "இங்க எம் பொண்ணு பேரு வரும்" என்பார்.

இந்த ஆண்டு சட்டக் கல்லூரியிலும் இடம் கிடைத்தது, பொறியியல் கல்லூரியிலும் கிடைத்தது. பொறியியல்தான் என்றாள் மகள். பிடித்தது வம்பு. அவள் ஒரு காரணம் சொன்னால் போதும், அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். "பாத்தியா, எவ்ளோ அழகா பாயின்ட் எடுத்து வைக்கிறா. இவளைப் போய் மெஷினோட மல்லுக்கட்டச் சொல்றியா?" என்று மனைவியைக் கேட்பார். மகள் பேசப் பேச அவர் கட்சிதான் பலமானது. தோற்றாலும் சட்டம், ஜெயித்தாலும் சட்டம்.

எனவே அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அப்பா ஆரம்பித்தால் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். "கத்தினாகூடப் பரவாயில்லங்க. இப்படி உம்முன்னு இருக்கிறதத்தான் தாங்க முடியல" என்று அவள் அம்மா மாடிக்கு வந்து என்னிடம் புலம்பினார்.

மின்விசிறியோடு உட்கார்ந்திருந்தவளிடம் நானும் கேட்டுப் பார்த்தேன். "அப்பாகிட்ட எடுத்துச் சொல்லேன்மா."

ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் துப்பினாள். "சொன்னா அவருக்கு நானே சாட்சி, மாமா. எனக்குப் பேச வரும். வருதுங்கிறதுக்காக அது பிடிச்சே ஆகணுமா?"

மறுபடி வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் அடித்த காற்றில் வாசல் பலகை ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. தச்சரைக் கூப்பிட வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகள் டிரில்லிங் மெஷினோடு ஏணியில் ஏறிவிட்டாள். மெஷின் சத்தம் கேட்டு அப்பா வெளியே ஓடி வந்தார்.

"அங்க ஓட்டை போடாதே. அது உன் இடம்."

நான் மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு, வாயிலிருந்த ஸ்க்ரூவைக் கையில் எடுத்தாள்.

"மூலையெல்லாம் உளுத்துப்போச்சுப்பா. உங்க பேரு மேல ஓட்டை போட மனசு வரல. கீழதான் கட்டை நல்லா இருக்கு. காலியாவும் இருக்கு."

பதில் சொல்ல வாயெடுத்த வக்கீல், ஏணி ஆடுவதைப் பார்த்து அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவள் தன் பெயருக்கென்று அப்பா விட்ட இடத்தின் நட்டநடுவில் ஸ்க்ரூவை வைத்து, நிதானமாகத் திருக ஆரம்பித்தாள்.