பத்து வினாடி முதலாளி

எங்கள் தெருவில் அவரை ‘வயர் சார்’ என்றுதான் சொல்வார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். யார் போன் செய்து என்ன புலம்பினாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “வயர் எல்லாம் ஒழுங்கா சொருகியிருக்கா, ஒரு தடவை பாருங்க.” அவர் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் வெறும் பிளைவுட் பலகை. பதினோரு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

மனுஷர் எந்த வம்புக்கும் போகமாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல். நான் வாய் ஓயாத ரகம். பக்கத்துக் கடைக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டுமென்றால் குறடு எடுத்துத்தான் பிடுங்க வேண்டும் என்றிருந்தால் எனக்குப் பொழுது எப்படிப் போகும்?

அவர் மனைவி நேர்மாறு. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதே கடையில் உட்கார்ந்து பிறருக்குத் தமிழில் டைப் அடித்துக் கொடுப்பார். அவர் கற்றுக்கொண்டது பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை. அதற்கான எழுத்துரு பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். புதியதுக்கு மாறு என்று சார் கெஞ்சிப் பார்த்தார். “என் விரலுக்குத் தெரிஞ்சது இதுதான். வேணும்னா நீங்க மாறிக்கோங்க” என்று அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

கடைசியில் சார் ஒரே கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் வைத்தார். ஒன்றில் பழைய சிஸ்டம் அக்காவுக்கு, இன்னொன்றில் புதியது தனக்கு. சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் வரும். எதற்குள் போகலாம் என்று முடிவு செய்யப் பத்து வினாடி. சும்மா இருந்தால் மேலே இருக்கிற பெயர் தானாகத் திறந்துகொள்ளும். அந்தப் பெயர்களையும் அக்காதான் வைத்தார். மேலே ‘முதலாளி’. கீழே ‘எடுபிடி’. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில், என் மெஷினில் பேப்பர் சிக்கியதுகூடத் தெரியவில்லை.

அக்கா போய் மூன்று வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார், ஒன்பது நாள், அவ்வளவுதான். பிள்ளைகள் கிடையாது. ஒரு மாதம் கழித்து சார் கடையைத் திறந்தார். மதியம் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடிவிடுவார். அக்காவின் நாற்காலியில் யாராவது உட்காரப் போனால், “அது ஆடும், இதுல உக்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார். அந்த நாற்காலி ஆடாது. அதில் உட்கார்ந்து நான் அக்காவோடு எத்தனை கதை பேசியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

தினமும் காலையில் பலகைக்கு அந்தப் பக்கம் பெட்டி ‘பீப்’ என்று ஒரு சத்தம் போடும். கொஞ்சம் அமைதி. பிறகு ‘டக், டக்’ என்று இரண்டு பொத்தான் சத்தம். எடுபிடி வேலைக்கு வந்துவிட்டார் என்று நானும் மெஷினைப் போடுவேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ‘பீப்’ வந்தது, ‘டக்’ வரவில்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் பெயர்களைக் காணோம். ஏதோ ஒரு வரி எரர், அதன் கீழே ஒரு கோடு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

“என்ன சார் ஆச்சு?”

“நேத்து ஒரு அப்டேட் போட்டேன். பூட் லோடர் கெட்டுப்போச்சு.”

“அப்படின்னா?”

“எந்த சிஸ்டம் எங்க இருக்குன்னு பெட்டிக்கு வழி காட்டுறது அதுதான். ஒண்ணுமில்லம்மா, அரை மணி நேர வேலை.”

உண்மைதான், இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பென் டிரைவைச் சொருகி, அதிலிருந்து பெட்டியை எழுப்பி, பூட் லோடரைத் திரும்ப எழுதிவிடுவார். வாரத்துக்கு நான்கு பேருக்காவது செய்து கொடுக்கிற வேலை. நானும் என் பாட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் அவர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. புதன், வியாழனும் அப்படியே. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து உள்ளே போனேன்.

“என்ன சார், கடையா குகையா இது? உடம்புக்கு என்ன?”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வாடி வதங்கியிருந்தது.

“முதலாளியைக் காணோம்மா.”

நானும் திரையை எட்டிப் பார்த்தேன்.

“லோடர் சரியாயிடுச்சு. ஆனா பெயரே கேக்காம நேரா எடுபிடிக்குள்ள போகுது. அவ டிஸ்க் சுத்துற சத்தம் கேக்குது, பெட்டிக்கு மட்டும் தெரியல. எத்தனையோ தடவை தேடச் சொல்லிட்டேன். பன்னெண்டு வருஷப் பழசு. செத்துப்போச்சு.”

“காப்பி எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?”

அவர் உதட்டைப் பிதுக்கினார். ‘காப்பி எடுத்தியா, காப்பி எடுத்தியா’ என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் உலுக்கி எடுக்கிற மனுஷர்!

“எடுக்கலாம்னுதான் இருந்தேன். எடுத்தா எதுக்கோ தயாராகுற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்.”

“அப்படி என்ன சார் இருக்கு அதுல?”

“தெரியாது. பாஸ்வேர்டு போட்டு வெச்சிருந்தா. நான் உள்ள போனதில்ல.”

பாஸ்வேர்டை மறந்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களுக்குக் கால் மணி நேரத்தில் திறந்து கொடுக்கிற ஆள் இவர்.

“நீங்க நினைச்சா திறந்திருக்க முடியாதா?”

“முடியும். அவ சொல்லலையே.”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தது. என்ன சொல்லித் தேற்றுவது என்றும் தெரியவில்லை. பதினோரு வருஷமாகப் பலகை வழியாகக் கேட்டது வாயில் வந்துவிட்டது.

“வயர் எல்லாம் ஒழுங்கா சொருகியிருக்கா, பாத்தீங்களா?”

அவர் நிமிர்ந்து என்னை முறைத்தார். “என்கிட்டயேவாம்மா?”

“ஏன், உங்க பெட்டிக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கா? ஊருக்கெல்லாம் சொல்றீங்கல்ல, திறந்து பாருங்க!”

என் வாயை அடைப்பதற்காகத்தான் அவர் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் குனிந்து பார்த்தேன். பழைய டிஸ்க்கின் பின்னால், எதிலும் மாட்டாமல், ஒரு சிவப்பு வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

டிஸ்க்குக்கு இரண்டு வயராம். ஒன்று கரண்டுக்கு, அது மாட்டித்தான் இருந்தது, அதனால் டிஸ்க் சுற்றியது. இன்னொன்று பெட்டியோடு பேசுவதற்கு. பூட் லோடர் எழுதுவதற்கு முன் மற்ற டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிடுவது அவர் வழக்கம். தப்பான டிஸ்க்கில் எழுதிவிட்டால் உள்ளே இருப்பது பாழ். செவ்வாய்க்கிழமை முதல் காரியமாக அதைக் கழற்றியிருக்கிறார். அக்காவின் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அவ்வளவு பயம். அந்தப் பயத்திலேயே திரும்ப மாட்ட மறந்திருக்கிறார்.

“மூணு நாளா... மூணு நாளா செத்துப்போச்சுன்னே நினைச்சிட்டேன்மா.” நான் திரும்பி நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வயரைச் சொருகினார். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது. பெட்டியைப் போட்டு மறுபடி தேடச் சொன்னார். கிடைத்துவிட்டது! ஆனால் கீழே, வாயில் நுழையாத ஏதோ மெஷின் பெயரோடு வந்தது. அதை மேலே கொண்டு வந்தார். பெயரை அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ‘முதலாளி’ என்று அடித்தார். பத்து வினாடி வைத்தார். பெட்டியை அணைத்து மறுபடி போட்டார்.

பீப்.

கறுப்புத் திரையில் மேலே முதலாளி, கீழே எடுபிடி. ஓரத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. இவ்வளவு பாடுபட்டவர் இன்றைக்காவது உள்ளே போவார் என்று நான் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு வந்தபோது கீழ் அம்பை அழுத்தி, எடுபிடிக்குள் போய்விட்டார்.

“ஏன் சார்! இதுக்கா மூணு நாளா சோறு தண்ணி இல்லாம கிடந்தீங்க?”

“உள்ள போனா பாஸ்வேர்டு கேக்கும்மா. கேட்டா நான் வெளியாள் ஆயிடுவேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்கன்னா அவ மேல, நான் கீழ. தினமும் பத்து வினாடி. மிச்ச நேரம் முழுக்க நான் ஒருத்தன்தானே.”

ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் காலையில் ‘பீப்’ கேட்டால் ஓடுகிற மெஷினை நிறுத்திவிடுகிறேன். எதிரே ஆள் நின்றால் நிற்கட்டும். மனதுக்குள் எண்ணுவேன். சாதாரணமாக ஐந்து, ஆறுக்குள் ‘டக்’ வந்துவிடும். நேற்று ஒன்பது வரை எண்ணிய பிறகுதான் வந்தது.