பன்னிரண்டு சைக்கிள் வரவேற்பு

எங்கள் ஊருக்கு டவுன் பஸ் தேவையா என்று பார்க்க இன்று காலை ஓர் அதிகாரி வந்தார். ஆறு வருடம் மனு எழுதிய பலன்.

ஜெயங்கொண்டம் சாலையில் இறங்கினால் ஊருக்கு நாலு மைல். வந்தவரை நடக்கவிடலாமா? நேற்றே டவுனில் பன்னிரண்டு வாடகை சைக்கிள் எடுத்துவிட்டோம். அவரை ஒரு கேரியரில் உட்கார வைத்து, முந்திரித் தோப்பு வழியே மணியடித்து ஊர்வலமாகக் கூட்டி வந்தோம்.

இளநீரைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "எல்லார்ட்டயும் சைக்கிள் இருக்கே, பஸ் எதுக்கு?"

பஞ்சாயத்துத் தலைவர் பதறிவிட்டார். "அய்யோ சார், அதெல்லாம் வாடகைங்க. ஒங்களுக்காக எடுத்தது. எங்க வூட்டுப் பொம்பளப் புள்ளைங்க நடந்தேதான் பள்ளிக்கூடம் போவுது."

"வாடகைக்கு எடுக்க வசதி இருக்குல்ல?" என்று கேட்ட அதிகாரி, நோட்டில் எதையோ எழுதி மூடினார்.

மறுபடி கேரியரில் ஏற்றி, அவரைச் சாலையில் விட்டோம். டவுனில் சைக்கிள்களை ஒப்படைத்துவிட்டுப் பன்னிரண்டு பேரும் நடந்தே ஊர் திரும்பினோம்.

அடுத்த மனுவுக்கு யாராவது வந்தால் நடத்தியே கூட்டி வரலாமா? உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்? ஒரு கார்டு போடுங்கள்.

அவசரமில்லை. தபால்காரரும் நடந்துதான் வருகிறார்.