உறுமல் பதிவேடு

தராசு பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த மனிதரின் வாயிலிருந்து "ஏறக்குறைய" என்ற சொல் வராது. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி கேட்டால்கூட, "நேத்தைவிட ஒரு சிட்டிகை கம்மி" என்பதுதான் பதில். எல்லோரும் அவரைத் தராசுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

அவரிடம் நீளமான பச்சை அட்டை நோட்டுகள் பதினாறு இருந்தன. சவர பிளேடு மாற்றிய தேதி, மாடிப்படி பல்பு எரிந்த நாட்கள், சமையலறைக் கடிகாரம் வாரத்துக்கு எத்தனை நொடி பிந்துகிறது என்ற கணக்கு எல்லாம் அதில் உண்டு. மனைவி அரசு ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். "எங்க வார்டுல முப்பது நோயாளிக்கு எழுதறதைவிட நீங்க ஒரு கடிகாரத்துக்கு அதிகம் எழுதறீங்க" என்பாள்.

பதினேழாவது நோட்டு ஒரு பெட்டிக்காகத் தொடங்கியது.

இருபத்திரண்டு வயதில் தராசுக்காரர் ஒரு சின்னக் குழுவில் கிட்டார் வாசித்தவர். டிரம்ஸ் அடித்த நண்பன், தன் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்து மச்சான் ஆனான். அன்று இரவல் வாங்கி வாசித்த ஆம்ப்ளிஃபையர், பல்பு போல ஒளிரும் கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ரகம். குழு கலைந்தது, பெட்டி சொந்தக்காரரிடம் திரும்பிப் போனது, கிட்டார் பீரோ மேல் ஏறியது. இப்போது ஐம்பத்து மூன்று வயதில், மூடப்போகும் ஒரு நடனப் பள்ளியின் சாமான் அறையில் அதே ரகப் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் யாரோ பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

மூன்று முறை போய்ப் பார்த்தார். முதல் முறை டார்ச்சும் அளவு நாடாவும். இரண்டாம் முறை பட்டறையிலிருந்து தொங்குதராசு. பெட்டியின் கைப்பிடியில் கொக்கியை மாட்டித் தூக்கியபோது நடனப் பள்ளிக்காரர் பொறுமை இழந்தார்.

"ஐயா, நான் இதை விக்கத்தான் வெச்சிருக்கேன், எடைக்குப் போட இல்ல."

"இருபத்து மூணு கிலோ நானூறு கிராம்" என்றார் தராசுக்காரர். "டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த ரகத்துல அதைக் கழட்டி வித்துடுவாங்க."

மூன்றாம் முறை கிட்டாரோடு போனார். சொருகினார், ஐந்து வால்வுகளும் சூடேறி அடுப்புத் தணல் நிறத்துக்கு வரும்வரை காத்திருந்தார், ஒரு கம்பியை மீட்டினார். சுவரோரம் சாய்ந்திருந்த கண்ணாடிகள் அதிர்ந்தன. கையை எடுத்ததும் சுத்தமான அமைதி. வாங்கிவிட்டார். அன்றைய பதிவு: "ஒலி: கனம். உறுமல்: இல்லை."

வீட்டில் பின்னறை மேஜைக்கு அது வந்து சேர்ந்தது. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு வோல்ட் ஓடுகிறது, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும் என்று அவர் விளக்கியதைக் கேட்டு மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில உங்களைப் படுக்க வெச்சுப் பாக்கற ஆசை எனக்கு இல்ல."

"அதுக்குத்தான் ஒரு கை எப்பவும் சட்டைப் பையில இருக்கணும்னு சொல்வாங்க. ஒரு கை மட்டும் பட்டா நெஞ்சு வழியா மின்சாரம் பாயாது."

அன்றிலிருந்து அவர் பெட்டியைத் திறந்தால் அவள் சமையலறையிலிருந்தே "இடது கை!" என்று குரல் கொடுப்பாள். இடது கை உடனே பைக்குள் போய்விடும். கொஞ்ச நாளில், அவர் மாவு டப்பாவைத் திறந்தாலும் இடது கை தானாகப் பைக்குள் போனது.

வால்வுகளின் மேல் அச்சிட்ட எண்கள் எறும்புக்கால் அளவு. மூக்குக் கண்ணாடி போதவில்லை. பட்டறையில் சும்மா கிடந்த பூதக்கண்ணாடி விளக்கைக் கொண்டுவந்தார். பெரிய லென்ஸைச் சுற்றி வட்டமாக ஒரு டியூப்லைட், மடங்கும் நீளக் கழுத்து. மேஜை விளிம்பில் கவ்வ வைத்து, கழுத்தைப் பெட்டிக்கு மேல் வளைத்துவிட்டால், உள்ளே பார்க்கவும் பக்கத்தில் நோட்டில் எழுதவும் ஒரே வெளிச்சம் போதும். விளக்கைப் போட்டார், பெட்டியைப் போட்டார், பேனாவைத் திறந்தார்.

பெட்டி உறுமியது.

பெரிய உறுமல் இல்லை. தூரத்தில் லாரி ஒன்று நகராமல் நிற்பது போல. ஆனால் நடனப் பள்ளியில் அது இல்லை என்று அவர் கைப்படவே எழுதியிருக்கிறார். வேனில் ஏற்றி வந்தபோது குலுங்கி ஏதோ பழுதாகிவிட்டது என்று முடிவு செய்தார். அப்போது தொடங்கியது வேட்டை. தினமும் மாலை ஆறு மணிக்கு உட்காருவார். எந்தக் குமிழ் எந்த எண்ணில், வீட்டு மின்சாரம் எத்தனை வோல்ட், உறுமல் கூடியதா குறைந்ததா என்று எழுதுவார். நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு பதிவு. இரண்டு பெரிய கண்டென்சர்கள், ஆறு சிறியவை, மூன்று வால்வுகள் என்று பதினோரு பாகங்களை மாற்றினார். கழற்றிய ஒவ்வொன்றையும் மனைவி கொண்டுவந்த மாத்திரைக் கவரில் போட்டு, இடம், தேதி, "சந்தேகத்தின் பேரில்" என்று எழுதி வைத்தார். உறுமல் மட்டும் அசையவில்லை.

இடையில் ஆஸ்பத்திரியின் ஐம்பதாவது ஆண்டு விழா வந்தது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டு நிகழ்ச்சி. பழைய குழுவே வாசிக்கட்டும் என்று ஏற்பாடு. மச்சான் இப்போது ரொட்டிக் கடை முதலாளி, ஆனாலும் டிரம்ஸை விற்கவில்லை. பாடுவதற்கு ஆஸ்பத்திரிப் பல் டாக்டரம்மா சம்மதித்தார். ஒத்திகைக்குத் தராசுக்காரர் கிட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்.

"எங்கடா அந்தப் பெட்டி?" என்றார் மச்சான்.

"இன்னும் உறுமுது."

"உறுமினா என்ன? நான் டிரம்ஸ் அடிக்கறப்ப யாருக்குக் கேக்கப்போவுது? கொண்டு வாடா மாப்ள!"

"குறை தீராத தராசு பட்டறை வாசலைத் தாண்டக்கூடாது. அதான் எங்க சட்டம்."

"அது தராசு. இது பாட்டு!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மூன்று ஒத்திகையிலும் அவர் வாசித்தது கொசு ரீங்காரம் போல டிரம்ஸுக்கு அடியில் நசுங்கியது. மூன்றாவது ஒத்திகை முடிந்ததும் மச்சான் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். விளையாட்டுக் குரல் இல்லை.

"செல்போன் கடைப் பையன் நல்லா வாசிக்கறான். புது ஆம்ப்ளிஃபையர் வெச்சிருக்கான், ஒரு கையால தூக்கலாம். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குள்ள நீ சரின்னு சொன்னா நீ. இல்லன்னா அவன். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்தார். மனைவிக்கு அது போதும். மனுஷர் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குக் காலை முறை, மூன்று மணிக்கே வீட்டில் இருந்தாள். பட்டறையிலிருந்து போன் செய்தார்.

"சரியா அஞ்சரைக்குப் பெட்டியைப் போட்டு வெச்சிடு. முதல்ல இடது சுவிட்ச். வால்வு சூடாக ஒரு நிமிஷம். அப்புறம் வலது. நான் வரும்போது நல்லா கொதிச்சிருக்கணும்."

"தெரியும்ங்க. நாப்பது நாளா பாக்கறேன்."

ஐந்தரைக்குப் போட்டாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைக் கோட்டுக்குப் பித்தான் தைத்தாள். ஆறு மணிக்குத் தராசுக்காரர் வந்தார், செருப்பைக் கழற்றினார், விளக்கைப் போட்டார், பேனாவைத் திறந்தார். உறுமல்.

மனைவி ஊசியை நிறுத்தினாள்.

"இவ்வளவு நேரம் இது வாயே திறக்கல."

"சூடாகியிருக்காது."

"அரை மணி நேரமா எரியுதுங்க. மூச்சு விடல. நீங்க வந்து உக்காந்ததும்தான் உறுமுது."

"அதுக்கு என்னை அடையாளம் தெரியுமா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தாள்.

"எங்க வார்டுல ஒருத்தர் இருந்தார். டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பாத்தா நூத்தி எழுபது. மாத்திரையைக் கூட்டிக்கிட்டே போனாங்க. ஒருநாள் அவர் பேப்பர் படிக்கறப்ப நான் பேச்சு கொடுத்துக்கிட்டே பாத்தேன். நூத்தி இருபது. அளக்க வர்றதுதான் அவருக்கு வியாதி. எந்திரிங்க."

"என்ன?"

"எந்திரிச்சு வெளிய போங்க. எதையும் தொடாதீங்க... இருங்க, விளக்கை மட்டும் அணைச்சிட்டுப் போங்க, கரண்ட் வீண்."

விளக்கை அணைத்தார். அறை அமைதியானது. வாசற்படியைத் தாண்டவிருந்த கால் அந்தரத்தில் நின்றது.

திரும்பி வந்து விளக்கைப் போட்டார். உறுமல். அணைத்தார். அமைதி. போட்டுக்கொண்டே அதன் கழுத்தைப் பெட்டியிலிருந்து விலக்கினார். லாரி மெல்லத் தெருக்கோடிக்குப் போனது. கிட்டே கொண்டுவந்தார், லாரி திரும்பி வந்தது. முதல் வால்வுக்கு ஒரு சாண் மேலே, நாற்பத்தொரு மாலை, எழுதுவதற்காக அவரே கொண்டுவந்து வைத்த டியூப்லைட். அதன் மின் இரைச்சலை வால்வு வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறது. எழுதாமல் ஒருநாளும் சோதித்ததில்லை. விளக்கில்லாமல் ஒருநாளும் எழுதியதில்லை.

தராசுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாத்திரைக் கவர்களைப் பார்த்தார்.

"பதினோரு பேரை வேலைய விட்டு அனுப்பியிருக்கேன்" என்றார். "ஒருத்தர் மேலயும் தப்பில்ல."

அவருக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வந்தது. மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. சிரிப்பு அடங்கி மச்சானுக்குப் போன் செய்தபோது மணி ஆறு நாற்பத்தாறு.

சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்துக்குப் பெட்டியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். மச்சான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மணி அஞ்சாகப்போவுது. இன்னும் போடலியா?"

"போட்டு பன்னெண்டு நிமிஷம் ஆச்சு."

"சத்தமே இல்லையே!"

"அதான் சத்தம்."

"உன்னோட ஒரு வார்த்தை பேச முடியுதா! ஆரம்பிடா!"

நோட்டை மனைவியிடம் கொடுத்திருந்தார்; வாசிக்கிற கையால் எழுத முடியாதே. முதல் பாட்டில் பெட்டி கனத்த தொண்டையோடு எழுந்து டிரம்ஸுக்குச் சமமாக நின்றது. மச்சான் ஒரு குச்சியைத் தவறவிட்டு, கூச்சமில்லாமல் இன்னொன்றை எடுத்து அடித்தார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் தலைமை டாக்டர் மேடையருகே வந்தார்.

"அருமை, அருமை. மாடியில நோயாளிங்க இருக்காங்க, கொஞ்சம் குறைச்சுக்கலாமா?"

தராசுக்காரர் குமிழை நான்கிலிருந்து மூன்றரைக்குத் திருப்பினார். மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு நர்ஸ் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தாள். "மேல ஆம்பளைங்க வார்டுல இப்ப சரியா கேக்கலையாம். ஏத்தச் சொல்றாங்க!" கூடம் சிரித்தது. டாக்டர் கையை விரித்தார். தராசுக்காரர் நான்குக்கே திருப்பினார்.

மறுநாள் காலை ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். நாற்பத்திரண்டாவது பதிவு மனைவியின் கையெழுத்தில், ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுவது போல ஒரே வரி: "மாலை 5.20. உறுமல் இல்லை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவரும் பெட்டியும் எவ்வளவு நல்லா என்று அதில் இல்லை. அளவு போடாத எந்தப் பதிவையும் அவர் விட்டுவைத்ததில்லை. பேனாவைத் திறந்தார், எழுதாமல் மூடிவிட்டு முதல் மாத்திரைக் கவரைப் பிரித்தார். பழைய வால்வைத் திரும்ப அதன் இடத்தில் வைக்க வேண்டும்.

"இடது கை!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.