நாலு நாள் கிழங்கு வேலை

இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல. எனக்கே நடந்தது. போன ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை.

நான் லிமா நகரத்தில் பஸ் கண்டக்டர். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். என் மனைவி தெல்ஃபினாவுக்கு மலையில் ரீங்காரச்சிட்டு என்ற குட்டிப் பறவையைப் பார்க்க ஆசை. இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதனால் சிஞ்சிமர்க்கா போனோம். அறுபது வீடு, சுற்றிலும் உருளைக்கிழங்குக் காடு, மேலே பனி மூடிய மலை. அவ்வளவுதான் ஊர்.

எங்களைத் தங்கவைத்த சத்துர்னினோதான் சிட்டு காட்ட மேலே கூட்டிப்போனார். வழியெல்லாம் கேலி.

"என்னண்ணே, கடல்காரருக்கு அதுக்குள்ள மூச்சு வாங்குதா? அண்ணியைப் பாருங்க, ஆடு மாதிரி ஏறுறாங்க!"

ஆனால் விழுந்தது அவள்தான். மாலை 3.40. உதடு நீலமாகிவிட்டது. நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம்.

"மலை சேரலண்ணே. உடனே கீழ இறக்கணும். குதிரை கொண்டாறேன், நகராதீங்க!" சத்துர்னினோ ஓடினார்.

4.10. மூடுபனி இறங்கியது. என் கையே எனக்குத் தெரியவில்லை.

4.35. குதிரை வரவில்லை. அவள் கண் செருகியது.

"தெல்ஃபினா! தூங்காதடி! ஏய்!"

அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

மண்வெட்டி. மூடுபனி கொஞ்சம் விலகியது. பக்கத்துச் சரிவில் நாலு பேர் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஆண், ஒரு பெண். தொண்டை கிழியக் கத்தினேன். வந்தார்கள்.

"எவ்வளவு வேணும்னாலும் தரேன். தூக்குங்க!"

"காசு எதுக்கு?" என்றார் மூத்தவர். "வேலைக்கு வேலை. நாலு பேர் சுமக்குறோம். உங்க வீட்டுல ஒரு ஆள் நாலு நாள் வந்து கிழங்கு தோண்டணும். யார் வருவீங்க?"

மலையில் அதுதான் வழக்கம். பெயரைச் சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். கடல்காரன் எனக்கு அது தெரியாது.

"யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக்கோங்க! முதல்ல தூக்குங்கய்யா!"

அந்தப் பெண் என் கையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இது டிக்கெட் கிழிக்குற கை. தோண்டாது. படுத்திருக்குற இந்த அம்மாவே வரட்டும்."

போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். நான் பின்னால் ஓடினேன்.

அந்தக் குளிரில் என் வாயிலிருந்து புகையாக வந்தது. அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

மூன்று வாரமாக மழையில்லை. அவர்கள் துணியிலிருந்து சேறு சொட்டியது.

5.50. சாலை. ஒரு பால் லாரி நின்றது. அவளை ஏற்றிவிட்டுத் திரும்பினேன்.

யாருமில்லை...

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே இருந்தேன். காலையில் அவள் நகத்துக்குள் கறுப்பு மண்.

மறுநாளும்.

மூன்றாம் நாள் நர்ஸ் சத்தம் போட்டாள். "நேத்துத்தானே கழுவிவிட்டேன்? பொண்டாட்டியைத் தோட்ட வேலைக்கு அனுப்புறீங்களா?"

நாலாம் நாள் காலை 6.05. கஞ்சி ஊட்டப் போனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"பசிக்கலங்க. சுடச்சுடக் கிழங்கு குடுத்தாங்க. சாப்பிட்டுட்டேன்."

அன்று மதியம் சத்துர்னினோ எங்கள் பையைக் கொண்டுவந்தார். அன்றைக்கு மூடுபனியில் வழி தெரியாமல் குதிரையோடு திரும்பிவிட்டாராம். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"அந்தச் சரிவா? அங்க யாரும் விதைக்குறதே இல்லண்ணே. பன்னண்டு வருசம் முன்னாடி மலை சரிஞ்சு நாலு பேர் உள்ள போயிட்டாங்க. உடம்பை எடுக்கவே இல்ல."

சத்துர்னினோ அவள் நகத்தைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணி... அவங்க குடுத்ததைச் சாப்பிட்டாங்களா?"

தலையாட்டினேன்.

"கடைசி நாள் சாப்பாடு அது. சாப்பிட்டா, அடுத்த வேலைக்கும் வரேன்னு அர்த்தம்."

"அடுத்த வேலை என்னய்யா?"

"விதைப்பு. அக்டோபர் கடைசியில."

மூன்று முறை அந்தச் சரிவுக்குப் போனேன். அவளை விடுங்கள், நான் வருகிறேன் என்று மண்ணில் விழுந்து கத்தினேன். என் கையால் தோண்டினேன். யாரும் வரவில்லை.

இன்று அக்டோபர் இருபத்தொன்பது. நேற்று சாயங்காலத்திலிருந்து தெல்ஃபினா தூங்குகிறாள். மூச்சு இருக்கிறது.

எழுப்புகிறேன்...

எழுப்பிக்கொண்டே இருக்கிறேன்...